முதன்முறையாக ஆடிட்டரிடம் போகிறவர்களுக்கு

கடை தொடங்கி ஒரு வருஷம் ஓடியதும், அல்லது சம்பளத்தோடு வீட்டு வாடகை, பங்கு, பகுதிநேர வேலை என்று நாலு பக்கமிருந்தும் பணம் வரத் தொடங்கியதும், பலரும் கேட்கும் முதல் கேள்வி “நல்ல ஆடிட்டர் யாராவது தெரியுமா?” என்பதுதான். திருப்பூரில் சிறு நிறுவனங்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதித் தருவது என் வேலை. முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் நடுவில் இருக்கிற வேலை என்பதால் எது எங்கே இடிக்கிறது என்று அன்றாடம் கண்ணில் படும். புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ரிட்டர்னை, அதாவது வரித்துறைக்குத் தரும் கணக்கு அறிக்கையை, யார் தாக்கல் செய்தாலும் அது உங்கள் ரிட்டர்ன். நோட்டீஸ் உங்கள் பான் எண்ணுக்கு வரும், அபராதம் உங்கள் பணத்திலிருந்து போகும். “எல்லாம் ஆடிட்டர்தான் பார்த்தார், எனக்கு ஒன்றும் தெரியாது” என்றால் வரித்துறை கேட்டுக்கொள்ளாது. ஆகவே ஆடிட்டரைத் தேடும்போதும் சரி, அவரோடு வேலை செய்யும்போதும் சரி, உங்கள் கணக்கில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரிகிறதா என்பதைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும்.

உங்களுக்கு ஆடிட்டர் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. ஒரே கம்பெனியில் சம்பளம், படிவம் 16 கையில் இருக்கிறது, வங்கி வட்டி கொஞ்சம் வருகிறது, அவ்வளவுதான் என்றால் வருமான வரித்துறையின் இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்துவிடலாம். ஐடிஆர்-1 படிவத்தில் பெரும்பாலான விவரங்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். சரிபார்த்து, ஆதார் ஓடிபி போட்டு முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில், பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானம் இல்லாதவருக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) சேர்த்தால் 12.75 லட்சம் வரை இல்லை. ஆனால் வரி இல்லை என்பதால் ரிட்டர்னும் தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது: அந்த ஆண்டில் வீடு, நிலம், நகை விற்றீர்கள், பங்குச் சந்தையில் அடிக்கடி வாங்கி விற்கிறீர்கள், வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ பங்குகளோ இருக்கின்றன, வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்பியிருக்கிறீர்கள், எந்த அளவிலானாலும் தொழில் செய்கிறீர்கள். ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்து, அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்குகளை ஊக்கத்தொகையாகப் பெறுகிறவர்கள் இதில் மூன்றாவது வகை. அதைத் தனி அட்டவணையில் காட்டாமல் விட்டால் அபராதம் 10 லட்சம் வரை போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

யாரிடம் போவது?

நம் ஊரில் வரி வேலை பார்க்கிற எல்லோரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். போர்டில் எழுதியிருப்பதை நம்பிப் போவதற்கு முன்னால் அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டயக் கணக்காளர் என்றால் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக இருப்பார். கம்பெனித் தணிக்கை, வருமான வரித் தணிக்கை இரண்டிலும் கையெழுத்துப் போடும் உரிமை அவருக்கு மட்டும்தான். வரி ஆலோசகர்கள், வரி வழக்கறிஞர்கள், ஜிஎஸ்டி பிராக்டிஷனர்கள் ஆகியோரும் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம், அதிகாரி முன் உங்கள் சார்பில் ஆஜராகலாம். தணிக்கை தேவைப்படாத சிறு கடைக்கு, இருபது வருஷ அனுபவமுள்ள வரி ஆலோசகர் ஒருவரே தாராளமாகப் போதும். அதில் தாழ்வு எதுவும் இல்லை.

தணிக்கை எப்போது தேவை? பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தேவை. தனிநபர் தொழில், கூட்டு நிறுவனம் என்றால் விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டும்போது. வரவு செலவு இரண்டிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடியாக உயர்ந்துவிடும். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்ற தொழில்முறையாளர்களுக்கு 50 லட்சம்.

பட்டயக் கணக்காளர் என்று சொல்கிறவரைச் சரிபார்ப்பது சுலபம். அவருடைய ஆறு இலக்க உறுப்பினர் எண்ணைக் கேட்டு கழகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தொழில் நடத்தும் சான்று வைத்திருக்கிறாரா என்பதும் முக்கியம். அது இல்லாத உறுப்பினர் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. 2019 முதல் அவர்கள் கையெழுத்திடும் ஒவ்வொரு சான்றிதழிலும் யுடிஐஎன் என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்காக உங்களுக்குக் கொடுக்கும் விற்றுமுதல் சான்றிலும் அது இருக்கும். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஆவணம் உண்மையானதா என்று தெரிந்துவிடும்.

எப்படித் தேடுவது?

பட்டயக் கணக்காளர்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்று அவர்களுடைய நடத்தை விதியே தடுக்கிறது. அதனால் பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நினைக்காதீர்கள். உங்கள் தொழிலையே செய்கிற இன்னொருவரைக் கேளுங்கள். மெஸ் நடத்துகிறவர் இன்னொரு மெஸ்காரரைக் கேட்பது, நூல் வியாபாரி இன்னொரு நூல் வியாபாரியைக் கேட்பது சரியான வழி. ஏற்றுமதி ஜிஎஸ்டி ரீஃபண்டில் கரைகண்ட ஆடிட்டருக்கு டாக்டர்களின் கணக்கு பழக்கமில்லாமல் இருக்கலாம்.

“உங்க ஆடிட்டர் எப்படி?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்ல மனுஷன்” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, “கடைசியா நோட்டீஸ் வந்தப்ப என்ன பண்ணார்? போன் பண்ணா எடுப்பாரா, இல்ல ஆபீஸ் பையன்கிட்டதான் பேசணுமா? தாக்கல் பண்றதுக்கு முன்னாடி கணக்கைக் காட்டுவாரா?” என்று கேளுங்கள். அந்த மூன்று பதில்களிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் சந்திப்பு

கொண்டுபோக வேண்டியவை: பான், ஆதார், கடைசி மூன்று வருஷ ரிட்டர்ன்கள் இருந்தால் அவை, எல்லா வங்கிக் கணக்குகளின் ஓராண்டு ஸ்டேட்மென்ட், கடன் விவரம், தொழில் என்றால் வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, உத்யம் (சிறு, குறுந்தொழில் பதிவு) சான்று. எல்லா வங்கிக் கணக்கும் என்று அழுத்திச் சொல்கிறேன். “அது வீட்டுச் செலவுக்கான கணக்கு, அது எதுக்கு” என்று ஒன்றை மறைத்துவைத்தால், வரித்துறைக்கு ஏற்கெனவே தெரிந்தது உங்கள் ஆடிட்டருக்கு மட்டும் தெரியாமல் போகும்.

நல்ல ஆடிட்டர் முதல் சந்திப்பில் உங்களைவிட அதிகம் கேள்வி கேட்பார். பணம் எப்படி வருகிறது, சரக்கு எங்கிருந்து வருகிறது, கடையில் எத்தனை பேர், கணக்கை யார் எழுதுகிறார், அடுத்த இரண்டு வருஷத்தில் கடன் வாங்கும் எண்ணம் உண்டா என்றெல்லாம் கேட்பார். ஒன்றுமே கேட்காமல் “விட்டுட்டுப் போங்க, பார்த்துக்கலாம்” என்கிறவரிடம் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

அந்தக் கேள்விகளால் என்ன பயன் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மெஸ், ஆண்டு விற்பனை 60 லட்சம். அதில் 45 லட்சம் யுபிஐ வழியாக, 15 லட்சம் ரொக்கமாக. இந்த அளவுள்ள தொழிலுக்கு உத்தேச வருமானத் திட்டம் உண்டு. டிஜிட்டல் வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். 2.70 லட்சமும் 1.20 லட்சமும் சேர்ந்து 3.90 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் வருமான வரி ஒன்றுமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 6, 8 என்பவை குறைந்தபட்ச அளவு. உண்மையில் 9 லட்சம் லாபம் வந்தால் 9 லட்சத்தைத்தான் காட்ட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து அந்த மெஸ்காரர் பக்கத்துக் கடையையும் எடுக்க வங்கிக் கடன் கேட்டுப் போனால், 3.90 லட்சம் வருமானத்தை வைத்துத்தான் வங்கி கணக்குப் போடும். தவிர, இந்தத் திட்டத்தில் நுழைந்துவிட்டு 5 ஆண்டுகளுக்குள் வெளியே வந்தால் அடுத்த 5 ஆண்டுகளுக்குத் திரும்ப முடியாது.

இதே மெஸ்ஸுக்கு ஜிஎஸ்டி வேறு கதை. உணவகம் சேவையில் சேரும், பதிவு வரம்பு 20 லட்சம். ஆக 60 லட்சத்துக்குப் பதிவு கட்டாயம். காம்போசிஷன் என்ற, சிறு தொழில்களுக்கான எளிய திட்டத்தில் சேர்ந்தால் விற்பனையில் 5 சதவீதம், அதாவது 3 லட்சத்தைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது. சாதாரணப் பதிவிலும் உணவகத்துக்கு அதே 5 சதவீதம்தான், உள்ளீட்டு வரவும், அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதியும், கிடையாது. ஆனால் 100 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 105 வாங்கலாம். பதிலுக்கு ரிட்டர்ன் வேலை கூடும். பக்கத்து மெஸ்கள் எல்லாம் 100-க்கே கொடுக்கும்போது இவர் 105 கேட்க முடியுமா என்பது தெருவைப் பொறுத்த கேள்வி. இதையெல்லாம் மேசையில் விரித்துவைத்து, “எது உங்களுக்கு ஒத்துவரும்?” என்று கேட்கிறவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆடிட்டர். வருமான வரி பூஜ்யம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு 3 லட்சம் ஜிஎஸ்டி நிற்கிறது என்று தெரியவந்தால் ஒரு சிறு மெஸ் தாங்காது.

கட்டணம்

கூச்சப்படாமல் முதல் நாளே பேசிவிடுங்கள். நம்மவர்களுக்கு ஆடிட்டரிடம் காசு பேசத் தயக்கம், ஆடிட்டருக்கும் தயக்கம். அப்புறம் மார்ச்சில் பில்லைப் பார்த்து இரண்டு பக்கமும் மனக்கசப்பு. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு எவ்வளவு, ஆண்டு வருமான வரி ரிட்டர்னுக்கு எவ்வளவு, கணக்கு எழுதுவதும் அதில் சேர்த்தியா, நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தனிக் கட்டணமா, அதிகாரியிடம் ஆஜரானால் எவ்வளவு, சொன்ன தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா. பேசியதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி அனுப்பி “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“வருகிற ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும்” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிடைக்கும் பலனில் பங்கு கேட்பதைப் பட்டயக் கணக்காளர்களுக்கான விதி, சில விதிவிலக்குகள் தவிர, அனுமதிப்பதில்லை. ரீஃபண்ட் பெருகினால் தன் கூலியும் பெருகும் என்கிறவர், நீங்கள் கட்டாத காப்பீட்டையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதத்தான் பார்ப்பார். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது இதற்காகத்தான். போலிக் கழிவுகளைப் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கொடுத்த இடைத்தரகர்கள் சிக்கினார்கள், அதில் தமிழ்நாடும் இருந்தது. தரகர் கமிஷனோடு போய்விடுவார். தவறான தகவல் தந்து வரியைக் குறைத்ததற்கு, குறைந்த வரியின் 200 சதவீதம் வரை அபராதம் என்று வருவது ரிட்டர்னுக்கு உரியவருக்குத்தான்.

கடவுச்சொல், கைபேசி எண், கையெழுத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வருமான வரித் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் கணக்கு திறக்கும்போது வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆடிட்டர் அலுவலகத்தின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஓடிபிக்காக உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இப்போது நோட்டீஸ்கள் பெரும்பாலும் தளத்திலும் மின்னஞ்சலிலும்தான் வருகின்றன. அங்கே வேலை பார்த்த பையன் போய்விட்டாலோ, அந்த மின்னஞ்சலை யாரும் திறக்காவிட்டாலோ, பதில் சொல்லும் கெடு தாண்டி உத்தரவே வந்துவிடும். நோட்டீஸ் வந்ததே தெரியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறிய ஜிஎஸ்டி வழக்குகள் ஏராளம். அவற்றில் பலவற்றை, கேட்கப்பட்ட வரியில் 10 சதவீதத்தைக் கட்டும் நிபந்தனையோடு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. வக்கீல் செலவு தனி.

ஆகவே செய்ய வேண்டியது:

முதன்மைக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்கட்டும். இரண்டாவது எண் கேட்கும் இடத்தில் ஆடிட்டருடையதைக் கொடுங்கள். கடவுச்சொல் இரண்டு பேருக்கும் தெரிந்திருப்பதில் தவறில்லை, ஆனால் அவர் மாற்றினால் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பென்டிரைவ் மாதிரி இருக்குமே, அது உங்கள் பீரோவில் இருக்க வேண்டிய பொருள். தேவைப்படும்போது கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். கம்பெனி இயக்குநர்கள் பலர் இதை ஆடிட்டர் மேசை இழுப்பறையிலேயே வருஷக்கணக்கில் விட்டு வைத்திருக்கிறார்கள். நிரப்பாத காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்களே இரண்டு தளங்களிலும் நுழைந்து பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் நோட்டீஸ் பக்கத்தோடு கூடுதல் நோட்டீஸ்களுக்கான பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும், பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மாதா மாதம்

தொழில் கணக்கில் சிக்கல் எல்லாம் மாதக் கடைசியில்தான் முளைக்கும். மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் 3பி 20-ஆம் தேதிக்குள். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். 10-ஆம் தேதி ராத்திரி பில் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆடிட்டர் தப்புப் பண்ணிட்டார் என்று சொல்வது நியாயமில்லை. மாதம் முடிந்து 5-ஆம் தேதிக்குள் விற்பனை பில், கொள்முதல் பில், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்முதல் பக்கம் கவனமாக இருங்கள். 2 லட்ச ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்குகிறீர்கள், 5 சதவீத ஜிஎஸ்டி 10,000 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த 10,000-ஐ நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்க வேண்டுமானால், நூல் விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு அந்த பில்லை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியிருந்தால் 14-ஆம் தேதி வாக்கில் உங்கள் 2பி அறிக்கையில் தெரியும். இல்லாவிட்டால் பில் கையில் இருந்தும் அந்த மாதம் கழிக்க முடியாது. ஆடிட்டர் அலுவலகத்தில் 2பி-யையும் உங்கள் கொள்முதல் பதிவையும் ஒப்பிட்டு, வராத பில்களின் பட்டியலைக் கொடுப்பார்கள். அந்த நூல்காரருக்கு போன் போட்டு, “அண்ணே, போன மாசம் 18-ஆம் தேதி பில் எங்க 2பி-ல வரலீங்க, கொஞ்சம் பார்த்து ஏத்திவிடுங்க” என்று சொல்ல வேண்டியது நீங்கள். நீங்கள் சொன்னால் நடக்கும். அடுத்த லோடு வாங்கப் போகிறவர் நீங்கள்தானே. இந்தப் பட்டியலைத் தராத ஆடிட்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஆடிட்டரால் சிறு தொழிலுக்குக் கிடைக்கும் பலன்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ரொக்க விஷயத்தில் மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை சலுகை உண்டு. 20,000 மற்றும் அதற்கு மேல் கைமாற்றாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது. ஒரு விற்பனைக்கு 2 லட்சம் மற்றும் அதற்கு மேல் ரொக்கமாகப் பெறக் கூடாது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம். இவையெல்லாம் நடந்து முடிந்த பிறகு ஆடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. கொடுப்பதற்கு முன்னால் கேட்டால்தான் உதவி.

தொழிலுக்கு என்று தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் கோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மளிகையும் கடைச் சரக்கும் ஒரே கணக்கில் ஓடினால், ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் பிரிப்பதற்கே பாதி நேரம் போய்விடும்.

வருஷத்துக்கு ஒருமுறை

மார்ச் 31 முடிந்ததும் வேலை தொடங்குகிறது என்று நினைக்கிறோம். வரியைக் குறைக்க முடிகிற வேலையெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். டிசம்பரில் ஒருமுறை ஆடிட்டரைப் பார்த்து, “இதுவரை இவ்வளவு வந்திருக்கு, மார்ச்சுக்குள்ள இவ்வளவு வரும் போல இருக்கு” என்று ஓர் உத்தேசத்தைச் சொல்லுங்கள். ஆண்டு முடிவதற்கு முன்பே தவணைகளில் கட்டும் முன்கூட்டி வரியின் மூன்றாம் தவணை டிசம்பர் 15. ஏற்கெனவே பிடித்த வரி (டிடிஎஸ்) போக ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருமென்றால் தவணைகளில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாதம் 1 சதவீதம் என்ற கணக்கில் வட்டி. உத்தேச வருமானத் திட்டத்தில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம்.

பழைய வரிமுறையா (கழிவுகள் அதிகம்) புதிய வரிமுறையா (விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு) என்பதையும் அப்போதே பேசுங்கள். சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. புதிய முறையிலிருந்து பழையதற்குப் போய்விட்டு ஒருமுறை திரும்பி வந்தால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி போக முடியாது. எனவே இந்த ஆண்டு எது லாபம் என்று மட்டும் பார்க்காமல், வீட்டுக் கடன் எத்தனை ஆண்டு இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு எப்போது முடிகிறது என்றெல்லாம் சேர்த்து முடிவெடுக்க வேண்டும்.

ரிட்டர்ன் தாக்கல் ஆவதற்கு முன் வரிக் கணக்கீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். எல்லா ஆடிட்டரும் தருவார்கள், கேட்கத்தான் ஆளில்லை. அதையும் வருமான வரித் தளத்தில் உள்ள ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் அந்த ஆண்டு நடந்த வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை, பத்திரப் பதிவு எல்லாம் அதில் இருக்கும். மியூச்சுவல் ஃபண்டை விற்றது 4 லட்சம் என்று இருக்கும். அது விற்ற தொகை, லாபம் அல்ல. 3.60 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் லாபம் 40,000தான். வாங்கிய விவரத்தை ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை. அதே போல அண்ணன் தம்பி கூட்டாக விற்ற நிலத்தின் முழுத்தொகையும் உங்கள் பெயரிலேயே ஏறியிருக்கலாம். தவறாக இருந்தால் அந்த அறிக்கையிலேயே மறுப்பைப் பதிவு செய்ய வழி இருக்கிறது.

சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31, தணிக்கைக்கு உட்பட்ட தொழில்களுக்கு அக்டோபர் 31. 2025-இல் ஜூலை தேதியை செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள் என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். “தாக்கல் ஆயிடுச்சு” என்று செய்தி வந்தால், “சரிபார்ப்பும் ஆயிடுச்சா சார்?” என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, “மதிப்பீட்டு ஆண்டு” என்ற குழப்பம் போய் “வரி ஆண்டு” வந்துவிட்டது. 2025-26 வரையிலான வருமானத்துக்கான ரிட்டர்ன் மட்டும் பழைய சட்டப்படிதான். இந்த மாற்றத்தில் உங்களைப் பாதிப்பது என்ன என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் விளக்க முடிகிறவரா உங்கள் ஆடிட்டர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

பதற வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம். முதலில் உண்மையானதா என்று பாருங்கள். வருமான வரித்துறைக் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கும், தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பதில் சொல்லும் கெடு என்ன என்பதை வட்டமிட்டு அன்றைக்கே ஆடிட்டருக்கு அனுப்புங்கள். குறையுள்ள ரிட்டர்ன் என்று வந்தால் பொதுவாக 15 நாள்தான் அவகாசம். பெரும்பாலான நோட்டீஸ்கள் ஏதோ ஒரு தொகை ஒத்துப்போகவில்லை என்ற கேள்வியாகத்தான் இருக்கும். ஆவணம் இருந்தால் ஒரு பதிலில் முடிந்துவிடும். ஆடிட்டர் எழுதும் பதிலை அனுப்புவதற்கு முன் படித்துப் பாருங்கள். அதில் உங்கள் தொழிலைப் பற்றி எழுதியிருப்பது உண்மையா என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆடிட்டரை மாற்றுவது

சண்டை போட்டுப் பிரிய வேண்டிய அவசியமில்லை. நிலுவைக் கட்டணத்தைத் தீர்த்துவிட்டு, தாக்கல் செய்த ரிட்டர்ன்கள், கணக்கீட்டுத் தாள்கள், தணிக்கை அறிக்கைகள், டேலி பேக்கப், நடந்துகொண்டிருக்கும் நோட்டீஸ்களின் நகல்கள் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் ஒரு ஃபைலில் வாங்கி வைத்திருந்தால் இந்தக் கட்டத்தில் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது. பில்களையும் கணக்குகளையும் எட்டு ஆண்டுகள் வைத்திருந்தால் வருமான வரி, ஜிஎஸ்டி இரண்டுக்கும் பொதுவாகப் போதும். தணிக்கைப் பணியை ஏற்கும் புதிய பட்டயக் கணக்காளர், பழையவருக்கு முதலில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அவர் அப்படிக் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம், முறையாக வேலை செய்கிறவர் என்று அர்த்தம். கடவுச்சொற்களை மாற்றுங்கள். தளத்தில் பழையவரின் எண்ணும் மின்னஞ்சலும் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

புதிய ஆடிட்டரைத் தேடிப் போக ஏற்றது ஏப்ரல் கடைசி, மே மாதம். ஆற அமர உட்கார்ந்து பேசுவார். ஜூலை கடைசி வாரத்திலும் செப்டம்பர் கடைசியிலும் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் நாற்காலியில் எல்லாம் ஃபைல்தான் உட்கார்ந்திருக்கும். மாதத்தில் என்றால் 10, 11, 19, 20 தேதிகளைத் தவிர்த்துவிட்டு, 22-க்கு மேல் போன் பண்ணி நேரம் கேளுங்கள்.